பூட்டு, பார்வை, படிவம், பேச்சு: மனநல வார்டில் எதை முதலில் செய்வது?

மனநல வார்டில் ஏதாவது அசம்பாவிதம் நடந்துவிட்டால், மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இனி வெளிக்கதவை நாள் முழுக்கப் பூட்டியே வைக்க வேண்டும் என்பார் ஒருவர். இன்னொருவர் கேமரா கேட்பார். கால் மணிக்கு ஒருமுறை ஆள் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அதற்கு ஒரு படிவம் அச்சடிக்க வேண்டும் என்பார் மூன்றாமவர். மூலையில் இருக்கும் மூத்த செவிலியர், "ஆள் போடுங்க, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார். அப்படிப்பட்ட கூட்டங்களில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். விசாரணை வந்தால் காட்டுவதற்குக் கையில் என்ன இருக்கும் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு எடுக்கப்படும். உள்ளே படுத்திருப்பவருக்கு எது உதவும் என்ற கேள்விக்குக் கடைசி ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம்.

அந்த ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன். வார்டுப் பொறுப்பில் இருப்பவர்களுக்காகத்தான் முதன்மையாக எழுதுகிறேன். வீட்டு ஆளை உள்ளே சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரும் படிக்கலாம். எதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதாவது தெரியவரும்.

ஆபத்து என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது, கைகலப்பு, சொல்லாமல் வெளியேறுவது, ஊசி போட்டபின் மூச்சு மந்தமாவது, மாத்திரை மயக்கத்தில் நடுராத்திரி கழிவறைக்குப் போகும்போது விழுவது எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஒன்றைக் குறைக்கிற ஏற்பாடு இன்னொன்றைக் கூட்டிவிடவும் கூடும். அதனால் எந்த யோசனை வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது ஊழியரை நோயாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்குமா, மேசைக்கும் கதவுக்கும் இழுத்துப் போகுமா? கீழே நான் ஒப்பிடுவதெல்லாம் இந்தச் சாய்வோடுதான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சுவர்: ஒருமுறை செலவு

மேலே சொன்ன கேள்விக்கு ஒரே ஒரு விலக்கு உண்டென்றால் அது கட்டடம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 2007-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தன. மனநல வார்டின் அறைகள், குளியலறைகள், நடைவழிகள் எல்லாவற்றையும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலோடு குழுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள். தற்கொலைக்கு வழிதரும் பொருத்துகளையும் பொருட்களையும் குறித்துவைத்து, ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். 1,00,000 அனுமதிகளுக்கு 2.64 ஆக இருந்த உள்நோயாளித் தற்கொலை 0.87 ஆகக் குறைந்தது என்று 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்த கணக்குதான் அது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். இருந்தாலும் இவ்வளவு அரிதாக நடக்கும் ஒன்றில் இவ்வளவு இறக்கத்தை வேறெந்த ஏற்பாடும் காட்டி நான் பார்த்ததில்லை.

கட்டடத்தைச் சரிசெய்வதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. ஆள் குறைவாக இருக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் அது வேலை செய்யும். யாருடைய மனநிலையையும் நம்பி இல்லை, யாரையும் அவமானப்படுத்துவதும் இல்லை. ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு வார்டில், ஒரு சம்பவத்துக்குப் பிறகு பொதுக்கூடத்திலிருந்த படங்கள், பூச்சாடி, புத்தக அலமாரி வரை எடுத்துவிட்டோம். அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. மிஞ்சியது ஒரு தொலைக்காட்சி. அடுத்த மாதமெல்லாம் அதன் ரிமோட்டுக்காகத்தான் சண்டை. தனியாக இருக்க முடிகிற இடங்களான அறையையும் குளியலறையையும் கடுமையாகப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து உட்காரும் கூடத்தை வீடு போல விட்டுவிடுங்கள்.

கதவு

பூட்டிய கதவு பார்ப்பவருக்கு நிம்மதி தரும். எண்கள் அந்த நிம்மதியை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. ஜெர்மனியில் 21 மருத்துவமனைகளின் 15 ஆண்டுப் பதிவுகளை (1998 முதல் 2012 வரை) எடுத்து, ஒரே மாதிரியான நோயாளிகளை இணைசேர்த்து, ஏறத்தாழ 1,45,000 அனுமதிகளை ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வந்தது. பூட்டிய வார்டு உள்ள மருத்துவமனைகளில் தற்கொலையும் குறையவில்லை, வெளியேறுவதும் குறையவில்லை. திறந்த வார்டில் சிகிச்சை பெற்றவர்களிடம் தற்கொலை முயற்சியும் வெளியேறுதலும் குறைவாகவே இருந்தன. தற்கொலை மரணத்தில் மட்டும் வேறுபாடு தென்படவில்லை.

இதை வைத்து நாளைக்கே சாவியைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். திறந்து வைக்கத் துணிந்த மருத்துவமனைக்கு ஆள்பலமும் பழக்கமும் ஏற்கெனவே இருந்திருக்கலாம், அந்தப் பலனைத்தான் எண்கள் காட்டுகின்றனவோ என்ற சந்தேகம் நியாயமானதே. பூட்டினால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

பூட்டுக்கு மாற்று, கதவைத் திறந்துபோட்டு விதியை நம்புவது என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் செவிலியல் பேராசிரியர் லென் பவர்ஸ் குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் வேறொரு வழியைச் சோதித்தார்கள். வெளியே போகும்போதும் திரும்பும்போதும் நோயாளியே கையெழுத்திடும் ஒரு பதிவேடு. வெளியேறக்கூடும் என்று தோன்றுகிறவரோடு ஒரு செவிலியர் தினமும் சிறிது நேரம் உட்கார்ந்து, வீட்டைப் பற்றி என்ன கவலை என்று கேட்பது. விடுப்பு மறுக்கப்பட்டது போன்ற கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்வது. வெளியேறுதல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. என் அனுபவமும் இதையே சொல்கிறது. ஓடிப்போனவர்களைத் திரும்ப அழைத்து வந்தபின் கேட்டால், பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளை, கட்டாத வாடகை, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பயம், சும்மா உட்கார்ந்தே கிடக்கும் அலுப்பு என்றுதான் பதில் வரும். கதவைப் பற்றி யாரும் பேசியதில்லை.

பார்த்துக்கொண்டே இருப்பதா, அவ்வப்போது பார்ப்பதா

இந்த ஒப்பீட்டில்தான் அதிகப் பணமும் அதிக ஆளும் அடங்கியிருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-ல் தந்த வழிகாட்டுதல், கண்காணிப்பைச் சில படிகளாகப் பிரிக்கிறது. 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது கீழ்ப்படி. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்தது. அதற்கு மேல், கண்பார்வையிலோ கையெட்டும் தூரத்திலோ ஒருவர் எந்நேரமும் கூடவே இருப்பது.

எந்நேரமும் ஒருவர் என்றால் நாளொன்றுக்கு மூன்று ஷிஃப்ட், மூன்று பேர். வார விடுப்பைச் சேர்த்தால் சுமார் நான்கு பேர். ஒரே ஒரு நோயாளிக்காக. இவ்வளவு செலவழித்து என்ன கிடைக்கிறது? இங்கிலாந்தின் 136 வார்டுகளில் நடந்த சிட்டி-128 என்ற ஆய்வு இதைத் தேடியது. தொடர் கண்காணிப்புக்கும் சுயகாயத்தின் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. இடைவெளி விட்டுப் பார்க்கும் முறை அதிகம் புழங்கிய வார்டுகளில் சுயகாயம் குறைவாக இருந்தது. தகுதிபெற்ற செவிலியர் அதிகமுள்ள வார்டுகளிலும், நோயாளிகளுக்குச் செயல்பாடுகள் செறிவாக நடந்த வார்டுகளிலும் அப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு, சரி, கால் மணி முறைக்கே போய்விடலாம் என்று அவசரப்பட வேண்டாம். பிரிட்டனில் தற்கொலைகளை ஆராய மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கும் தேசிய ரகசிய விசாரணை, கண்காணிப்பில் இருக்கும்போதே இறந்தவர்களைப் பற்றி 2015-ல் ஒரு அறிக்கை தந்தது. அந்த மரணங்களில் மிகப் பெரும்பாலானவை இடைவெளி விட்டுப் பார்க்கும் முறையில் இருந்தவர்களுடையவை. ஆராய்ந்ததில் பாதியளவு, அனுபவம் குறைந்த அல்லது அந்த நோயாளியைப் பழக்கமில்லாத ஊழியர் பார்த்தபோது நடந்தவை. இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். ஒன்று வார்டு முழுவதிலும் சுயகாயத்தின் அளவைப் பார்க்கிறது, மற்றது மரணங்களை மட்டும் பார்க்கிறது. இடைவெளி முறையில் இருப்பவர்கள் எண்ணிக்கையிலும் அதிகம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எத்தனை நிமிடம் என்பதைவிட, போய்ப் பார்ப்பது யார், போய் என்ன செய்கிறார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கால் மணி முறை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். சரியாக 9.00, 9.15, 9.30 என்று போனால், படுத்திருப்பவருக்கு அது கடிகாரம் ஆகிவிடும். யாரும் வராத பதினான்கு நிமிடம் எது என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஊழியருக்கோ அது கையெழுத்து வேலை ஆகிவிடும். ஒருமுறை இரவு ஷிஃப்டைப் பொறுப்பேற்கும்போது பார்த்தேன், விடியற்காலை ஐந்து மணி வரைக்கும் கட்டங்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. அந்த ஊழியரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டுப் பேருக்குப் படிவம் வைத்துவிட்டு இரண்டு பேரை டியூட்டியில் போட்டால் வேறென்ன நடக்கும்? எல்லாருக்கும் கால் மணி என்று எழுதுவது, யாருக்கும் கால் மணி இல்லை என்பதற்குச் சமம்.

அதனால் என் தேர்வு இது. தொடர் கண்காணிப்பை மிகச் சிலருக்கு, மிகக் குறுகிய காலத்துக்கு வையுங்கள். அனுமதியான முதல் நாட்கள், பெரிய துக்கச் செய்தி வந்த அன்று, மருந்து மாற்றத்தில் தடுமாறும்போது. உட்காருபவர் அந்த நோயாளியை அறிந்தவராக இருக்கட்டும். நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்ப்பவரால் பயனில்லை. சீட்டாடட்டும், துணி மடிக்கட்டும், கூடவே நடக்கட்டும். தினமும் ஒருமுறை, இன்னும் தேவையா என்று குழுவாகக் கேளுங்கள். நோயாளியையும் கேளுங்கள். "நீங்க பக்கத்துல இருந்தா தூங்க முடியுது" என்றவரும் உண்டு. "மூச்சு முட்டுது சிஸ்டர், கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றவரும் உண்டு. இரண்டுக்கும் ஒரே உத்தரவு பொருந்தாது. மற்றவர்களுக்கு இடைவெளி முறை போதும். நேரத்தை மாற்றி மாற்றிப் போய், ஒரு சொல்லாவது பேசிவிட்டு வரவேண்டும்.

கணிப்பதில் எது நம்பத்தக்கது

இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். பல வார்டுகளில் இது குழம்பிக் கிடக்கிறது.

வன்முறையை அடுத்த ஒரு நாளுக்குள் கணிக்கச் சின்னக் கருவிகள் இருக்கின்றன, அவை பயன்படுகின்றன. நார்வேயில் உருவான ப்ரோசெட் பட்டியலில் ஆறே அம்சங்கள்: குழப்பம், எரிச்சல், கூச்சலும் ஆர்ப்பாட்டமும், வாய்மிரட்டல், உடல்மிரட்டல், பொருட்களைத் தாக்குதல். இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். ஷிஃப்டுக்கு ஒருமுறை நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே ஏதாவது செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்தின் அவசர மனநல வார்டுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2008-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், புதிதாக அனுமதியானவர்களை இப்படி முறையாக மதிப்பிட்ட வார்டுகளில் கடுமையான தாக்குதல்கள் 41 சதவீதமும், கட்டாய நடவடிக்கைகள் 27 சதவீதமும் குறைந்தன. ஆஸ்திரேலியாவில் 2006-ல் வந்த, ஏழு அம்சங்கள் கொண்ட டாசா என்ற கருவியும் இதே வகைதான்.

தற்கொலைக்கு இப்படி எண் போட முடியாது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆளைப் பிரிக்கும் படிவங்களை எதிர்காலத் தற்கொலையைக் கணிக்கப் பயன்படுத்தாதீர்கள் என்று நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதல் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆபத்துக் குறைவு என்று குறிக்கப்பட்டவர் இறந்துபோவதும், அதிகம் என்று குறிக்கப்பட்டவர் வெறும் கட்டுப்பாட்டை மட்டும் அனுபவித்துவிட்டு வீடு திரும்புவதும் நடக்கிறது. ஆகவே எட்டுப் பக்கத் தற்கொலை ஆபத்துப் படிவத்தில் போகும் நேரத்தை எடுத்து அந்த மனிதரிடமே கொடுங்கள். எந்த நேரத்தில் எண்ணம் கூடுகிறது, எது நடந்தால் மோசமாகிறது, யார் குரல் கேட்டால் அடங்குகிறது என்று அவர் வாயால் கேட்டு, அவரோடு சேர்ந்தே ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள். வன்முறைக்கு ஆறு கட்டம், தற்கொலை எண்ணத்துக்கு உரையாடல். என் வார்டில் இப்படித்தான் பிரித்துவைத்தோம்.

கை வைப்பதற்கு முன்னால்

ஒருவர் கத்தத் தொடங்கிவிட்டார். பிடித்து அமுக்குவதா, தனியறையில் அடைப்பதா, ஊசியா, பேசுவதா? முதல் இரண்டைப் பற்றி 2000-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு (உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவது) தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடும் மனநோய் உள்ளவர்களுக்கு இவை பலன் தருகின்றன என்று காட்ட முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றுகூட இல்லை என்றது. தீங்குகள் தெரிந்தவை. குப்புறப் போட்டு அமுக்கினால் மூச்சுத் தடைபடும். நீண்ட நேரம் கட்டிவைத்தால் காலில் ரத்தம் உறையும். முன்பு அடிபட்டு வளர்ந்தவருக்கு அந்த நாள் மொத்தமும் திரும்ப வரும். ஊழியருக்கும் காயம். ஊசி சில நேரம் தவிர்க்க முடியாதது. போட்டபின் தூங்கிவிட்டார் என்று விட்டுவிடக் கூடாது. குறைந்தது மணிக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, விழிப்பு நிலை பார்க்க வேண்டும். வார்டில் இது நழுவிப்போவது அதிகாலை வேளையில்தான்.

இதற்கு மறுபக்கம் வைக்கத்தக்கது, லென் பவர்ஸ் குழுவே உருவாக்கிய சேஃப்வார்ட்ஸ் என்ற முறை. மொத்தம் பத்து சின்னப் பழக்கங்கள். ஹேண்ட்ஓவரில், அதாவது ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் விவரம் சொல்லி ஒப்படைக்கும் நேரத்தில், ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நல்லதாக ஒன்றாவது சொல்வது. நோயாளிகளும் ஊழியர்களும் ஒருவரை ஒருவர் அறிய, பிடித்த பாட்டு, பிடித்த விளையாட்டு என்று ஒரு தாளில் எழுதி வைப்பது. யாருக்காவது கெட்ட செய்தி வரப்போகிறதா என்று ஷிஃப்டில் முன்கூட்டியே யோசித்துவைப்பது. கலவரம் ஏதும் நடந்தால், பார்த்துப் பயந்த மற்ற நோயாளிகளிடம் போய் என்ன நடந்தது என்று விளக்கித் தைரியம் சொல்வது. வீடு போகிறவர், புதிதாக வருகிறவருக்காக இரண்டு வரி எழுதி மாட்டிவிட்டுப் போவது. 2015-ல் வெளியான சோதனையில், 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில், மோதல்கள் 15 சதவீதமும் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26.4 சதவீதமும் ஒப்பீட்டு வார்டுகளைவிடக் குறைந்தன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பின்னர் நடைமுறைக்கு வந்தபோது, தனியறையில் அடைப்பது ஓராண்டு முடிவில் 36 சதவீதம் குறைந்திருந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். 2015 சோதனையில் எண்ணிக்கை குறித்தவர்கள் அந்தந்த ஷிஃப்ட் ஊழியர்களே. தாங்கள் என்ன முயற்சி செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, சுவரில் போஸ்டர் ஒட்டிவிட்டு சேஃப்வார்ட்ஸ் வந்துவிட்டது என்று அறிவித்த வார்டையும் பார்த்திருக்கிறேன். அங்கே எதுவும் மாறவில்லை. ஆனாலும் இதற்கு ஆகும் செலவு குறைவு, தவறாகச் செய்தாலும் யாருக்கும் காயமில்லை. பிடித்து அமுக்குவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பத்தில் எனக்கு மிக நெருக்கமானது ஹேண்ட்ஓவர் பழக்கம். "பெட் ஏழு, ராத்திரி பூரா தகராறு" என்று கேட்டுவிட்டு உள்ளே போகும் செவிலியரின் தோள் அப்போதே இறுகியிருக்கும். "பெட் ஏழு, ராத்திரி தூக்கமில்லை, அம்மாவுக்கு போன் கிடைக்கலைன்னு கோபம், ஆனா எதிர்ப் படுக்கைத் தாத்தாவுக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தார்" என்று கேட்டால், முதல் வேலையாக போனை எடுத்துக்கொண்டு போகத் தோன்றும்.

புகைப்பதைத் தடுத்தால் அடிதடி கூடும் என்று நாங்கள் எல்லாரும் பயந்தோம். தெற்கு லண்டனின் ஒரு பெரிய மனநல அமைப்பில் முழுத் தடைக்குப் பிறகு உடல்ரீதியான தாக்குதல்கள் மாதத்துக்கு 39 சதவீதம் குறைந்ததாக 2017-ல் ஆய்வு வந்தது. நிகோட்டின் மாற்று மருந்தைத் தாராளமாகக் கொடுத்து, ஊழியரைப் பழக்கிய பிறகு செய்தார்கள் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். வெறும் தடை மட்டும் போட்டால் ஒளித்துவைத்த லைட்டர்தான் மிஞ்சும்.

அறைக்குள் கேமரா வைப்பதைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. நடைவழியில் இருக்கலாம். படுக்கையறையில் வைத்தால், ஏற்கெனவே யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று நம்புகிறவருக்கு அந்த நம்பிக்கையை நாமே உறுதிசெய்கிறோம். திரையைப் பார்க்க ஆளும் வேண்டும். அந்த ஆளை உள்ளே அனுப்புங்கள்.

ஒரே ஒரு வருடம், ஒரே ஒரு ஆள் கூடுதலாகக் கிடைத்தால்

முதல் மாதம் குளியலறைகளையும் தனி அறைகளையும் பட்டியலோடு சுற்றிப் பார்த்து, அவசரமானவற்றை மாற்றக் கேட்பேன். அதே மாதம் ப்ரோசெட் பட்டியலைத் தொடங்கிவிடுவேன், அதற்குக் காசு வேண்டாம். மூன்று வந்தால் யார் போய்ப் பேசுவது என்பதையும் அன்றே முடிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு படிவம். கண்காணிப்பு உத்தரவுகளை ஒவ்வொன்றாக மறுபரிசீலனை செய்து, காரணமில்லாமல் தொடர்பவற்றை நிறுத்தினால் சில ஷிஃப்ட்களில் ஆள் மிச்சமாகும். கிடைத்த புதிய ஆளைக் கதவருகே நிறுத்த மாட்டேன். மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, எங்கள் வார்டில் வீட்டார் போனபிறகு வெறுமை கவியும் அந்த நேரத்துக்கு, கூடத்தில் எதையாவது சேர்ந்து செய்ய வைப்பேன். சேஃப்வார்ட்ஸில் ஹேண்ட்ஓவர் பழக்கத்தையும் கெட்ட செய்திப் பழக்கத்தையும் மட்டும் முதலில் எடுப்பேன். மற்ற எட்டும் மெதுவாக வரட்டும். கதவைத் திறப்பது இவையெல்லாம் ஆறு மாதம் ஓடிய பிறகு, பகலில் சில மணி நேரத்தில் தொடங்கும் பேச்சு.

இந்த வரிசை ஒரு சூழலில் மாறும். ஷிஃப்டில் பாதிப் பேர் தற்காலிக ஊழியர்களாக, வாரம் ஒரு முகமாக மாறிக்கொண்டிருந்தால், மேலே சொன்னதில் சுவரைத் தவிர எதுவும் நிற்காது. அங்கே கூடுதல் ஆளைக் கேட்பதற்கு முன், இருக்கிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று டியூட்டிப் பட்டியலை எடுத்துவைத்துக் கேட்கத் தொடங்குவேன்.